டப்பாவுக்குள் ஒரு ஆஸ்பத்திரி

"பர்வதமலைக்குப் போகலாம்" என்று எங்கள் ஆபீஸில் முதலில் சொன்னவன் நான் இல்லை. இதை ஆரம்பத்திலேயே பதிவு செய்துவிடுகிறேன். பின்னால் விசாரணை, கமிஷன் என்று ஏதாவது வந்தால் உதவும்.

சொன்னவர் கேஷியர். "திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம். சுமார் 4,500 அடி உயரம். உச்சியில மல்லிகார்ஜுன சுவாமி. மேல போகப் போக செங்குத்துப் பாறை. கடப்பாரையை அடிச்சு, சங்கிலி கட்டி விட்டிருக்காங்க. அதைப் புடிச்சுக்கிட்டுதான் ஏறணும்" என்றார், ஏதோ அந்தக் கடப்பாரைகளை அடித்ததே தாம்தான் என்கிற தோரணையில்.

ஆறு பேர் கிளம்புவதாக முடிவாயிற்று. கேஷியர், நான், கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இரண்டு பையன்கள், டெஸ்பாட்ச் தம்பி... ஆறாவதாக, யாரும் கூப்பிடாமலேயே, சூப்பரண்டு.

சூப்பரண்டைப் பற்றி நாலு வரி எழுதினால்தான் கதை நகரும். (முறையாகச் சொன்னால் சூப்பரின்டென்டென்ட். அத்தனை எழுத்துக்கு எங்களுக்கு ஏது நேரம்!) அவருடைய கோபத்தை வைத்து ஆபீஸ் கடிகாரத்தைச் சரி செய்யலாம். பதினொன்றேகாலுக்கு ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஒன்று, சாயங்கால டீ வருவதற்கு முன்னால் ஒன்று. மூன்றும் டெஸ்பாட்ச் தம்பி தலையில்தான் விடியும். அவன் ஒட்டிய ஸ்டாம்ப் கோணல், போட்ட நம்பர் தப்பு, நின்ற இடம் தப்பு. அவனும் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு டீ வாங்கக் கிளம்பிவிடுவான்.

வேலைகளைப் பங்கு போட்டோம். சாப்பாடு கேஷியர். டிக்கெட் கம்ப்யூட்டர் பையன்கள். முதலுதவிப் பெட்டி நான். ஏன் நான்? போன மாதம் ஸ்டேப்ளர் பின் குத்தி ஒருவருக்கு விரலில் ரத்தம் வந்தபோது கைக்குட்டை நீட்டியவன் நான்தானாம். நம் ஆபீஸ்களில் நிபுணர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

கடையில் ரெடிமேடாகச் சிவப்புப் பெட்டி விற்கிறதே, வாங்கிவிட்டால் போயிற்று என்பீர்கள். வாங்கியவன் சொல்கிறேன், கேளுங்கள். சில வருஷங்களுக்கு முன் ஏற்காடு போனபோது அப்படி ஒன்றை வாங்கிப் போனேன். மச்சினனுக்கு முழங்கால் சிராய்த்துவிட்டது. பந்தாவாகப் பெட்டியை எடுத்தேன். அதன் மேல் கண்ணாடித்தாள் சுற்றி, டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். கத்தரித்தால்தான் திறக்கும். கத்தரிக்கோல் எங்கே? பெட்டிக்குள்ளே! பல்லால் கடித்துத் திறந்து, உள்ளே இருந்த பதினெட்டு சாமான்களில் எது எதற்கு என்று நான் படித்து முடிப்பதற்குள் மச்சினன் காயத்தின் மேல் காந்தி கணக்காக அகிம்சையாக ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு நடந்து போய்விட்டான்.

அன்றைக்கு ஒன்று தெரிந்தது. பெட்டியை நாமே கட்டினால்தான் அவசரத்தில் எது எங்கே என்று கை தானாகப் போகும். ஆகவே வீட்டிலேயே தயாரிப்பது என்று தீர்மானித்தேன்.

முதல் வேட்டை, எங்கள் வீட்டு மருந்து டிராயர். திறந்ததும் ஒரு மியூசியம் வாசனை வந்தது. அம்மாவுக்கு எப்போதோ இருமல் வந்தபோது வாங்கிய சிரப், பாட்டிலோடு சேர்ந்து கல்லாகியிருந்தது. ஒரு மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி 2011. இன்னொன்றில் தேதியும் இல்லை, பெயரும் இல்லை. ஒன்று ஒன்றாகக் கத்தரித்து விழுங்கியதில் மிஞ்சியது இரண்டு மாத்திரை, அநாமதேயமாக.

"இது தலைவலிக்கா, வயித்து வலிக்கா?" என்றேன் சகதர்மிணியிடம்.

"வெள்ளையா இருந்தா தலைவலிக்குங்க."

இந்த மருத்துவ முறையை நம்பி மலை ஏற முடியாது. அநாமதேயங்களை அப்புறப்படுத்தினேன். (நீங்களும் அட்டையை வெட்டும்போது, பெயரும் தேதியும் அச்சான ஓரத்தைக் கடைசிவரை விட்டு வையுங்கள்.)

விஷயம் எதிர் ஃப்ளாட் மாமாவுக்கு எட்டிவிட்டது. கையில் ஒரு புது பிளேடோடு வந்து சேர்ந்தார்.

"மலைன்னா பாம்பு இருக்கும். கடிச்சா மேல இறுக்கி ஒரு கட்டு. கடிவாயில பிளேடால ஒரு கீறல். வாயால உறிஞ்சித் துப்பிட வேண்டியதுதான். பழைய சினிமாவெல்லாம் பார்த்ததில்லையா நீ?"

ஆறு பேரில் யார் காலை யார் உறிஞ்சுவது என்று யோசித்துப் பார்த்தேன். கேஷியரின் கால் ஞாபகத்துக்கு வந்தது. நேரே மெடிக்கல் ஷாப்புக்கு நடையைக் கட்டினேன்.

எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் ஒரு பார்மஸிஸ்ட் அம்மா இருக்கிறார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். டாக்டர்களே அவர் முன்னால் கையெழுத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று கேள்வி.

"பாம்புக் கடிக்கு விஷ முறிவு மருந்து ஒண்ணு கொடுங்கம்மா, மலைக்குப் போறோம்" என்றேன்.

"ஒண்ணு போதுமா தம்பி, ஆளுக்கு ஒண்ணு வேணாமா?" என்றவர், நான் பர்ஸை எடுப்பதைப் பார்த்து நொந்துபோய் விளக்கினார். அது நரம்பு வழியாக ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்து. சிலருக்கு அதுவே ஒவ்வாமையைக் கிளப்பிவிடும்; அதைச் சமாளிக்க டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நாலு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து. அதைத் தயாரிக்க வேண்டிய விஷத்தைச் சேகரித்துக் கொடுப்பதில் முக்கியமானவர்கள், நம்ம மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் 1978-ல் ஆரம்பித்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள்.

"கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டிடணும், வீங்கும். கடிச்ச காலை ஆட்டாம அசைக்காம ஒரு குச்சியோட சேர்த்து லேசா கட்டி, ஆளை நடக்க விடாம தூக்கிட்டுப் போகணும். 108-க்கு போன் பண்ணணும். அவ்வளவுதான் உங்க வேலை. பிளேடை மாமாகிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க, ஷேவிங்குக்கு ஆகும்."

மாமா பிளேடு கொடுத்த கதையை நான் சொல்லவே இல்லை. அவருக்கே கடை வைத்தவர்களுக்கு உள்ள ஞானம்!

பிறகு அந்த அம்மாவே ஒரு பழைய பில்லின் முதுகில் லிஸ்ட் போட ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒரு பாடம் நடந்தது. பாடத்தின் சுருக்கம் இதோ.

பஞ்சு வேண்டாம். காயத்தின் மேல் நேராக வைத்தால் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது உயிரை எடுக்கும். உறையில் வரும் சுத்தமான காஸ் துணி நாலைந்து. ரத்தம் வந்தால் காஸை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும். "நின்னுடுச்சா?" என்று நிமிஷத்துக்கொரு தரம் தூக்கிப் பார்த்தால் நிற்காது. காப்பித் தூள் அப்புவது காயத்துக்குள் குப்பை கொட்டுகிற மாதிரி. சிராய்ப்பு என்றால் முதலில் நல்ல தண்ணீரால் மண் போகக் கழுவி, அப்புறம்தான் பெட்டாடின்.

சுருள் பேண்டேஜ் இரண்டு. சுளுக்குக்கு க்ரேப் பேண்டேஜ் ஒன்று. அதை விரல் பக்கத்திலிருந்து மேல் நோக்கிச் சுற்ற வேண்டும். விரல் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். ஊக்கு அரை டஜன். சின்னக் கத்தரிக்கோல். இந்த முறை அது பெட்டிக்கு வெளியே, பையின் ஜிப் அறையில்! கையுறை ஒரு ஜோடி.

காய்ச்சல், வலிக்குப் பாரசிட்டமால் 500 மில்லிகிராம் ஒரு அட்டை. தும்மல், தடிப்பு, அரிப்புக்கு செட்ரிசின். அப்புறம் உப்பு சர்க்கரைக் கரைசல், ஓ.ஆர்.எஸ்.

"இந்தப் பாக்கெட்டைக் கேவலமா பார்க்காதீங்க" என்றார் அந்த அம்மா. உண்மைதான். 1971-ல் பங்களாதேஷ் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளுக்குக் காலரா. பங்காவ்ன் முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹலனாபிஸ் என்கிற கல்கத்தா டாக்டர், உப்பையும் குளுக்கோஸையும் கலந்து தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். 2022-ல் காலமானார். 2023-ல்தான் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவில்தான் கரைக்க வேண்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூன் தலை தட்டி!

கடைசியாக ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தையும் எடுத்து வைத்தார்.

"அதான் ஓ.ஆர்.எஸ். இருக்கே?"

"அதுல ஒரு லிட்டருக்கே 13.5 கிராம்தான் குளுக்கோஸ். சுகர்காரங்களுக்குத் திடீர்னு சர்க்கரை இறங்கினா அது பத்தாது. உங்க கோஷ்டியில யாருக்காவது சுகர், பிரஷர், வீசிங், வலிப்பு உண்டா?"

"தெரியலையேம்மா."

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. "மருந்தெல்லாம் வாங்கிட்டீங்க. ஆளைத் தெரிஞ்சுக்கலையே தம்பி!"

வீட்டுக்கு வந்து கடை பரப்பினேன். பழைய நாலு முழ வேட்டியிலிருந்து ஒரு மீட்டர் சதுரம் வெட்டி, குறுக்கே மூலைக்கு மூலை கத்தரித்தால் இரண்டு முக்கோண பேண்டேஜ். கை முறிந்தால் கழுத்தில் தூளி கட்ட இதைவிட உசத்தி கடையில் கிடையாது. ஊரிலிருந்து தாத்தா காலத்து முள்வாங்கி ஒன்று வீட்டில் இருந்தது. மாட்டுக்காரர்கள் இடுப்பிலே தொங்கும் சமாசாரம். எந்த வெளிநாட்டு ட்வீஸரும் அதன் கிட்டே நிற்க முடியாது.

பிளாஸ்திரிகளை எண்ணியபடியே சகதர்மிணிக்குப் பொது அறிவு புகட்டினேன். "இதை 1920-ல கண்டுபிடிச்சவர் ஏர்ல் டிக்ஸன்னு அமெரிக்காவுல ஒரு கம்பெனி சிப்பந்தி. அவர் சம்சாரம் சமையல் பண்ணும்போது அடிக்கடி விரலை வெட்டிக்குவாங்களாம். அவங்களே ஒத்தைக் கையால ஒட்டிக்கட்டும்னு டேப்புல காஸ் வெச்சு ரெடி பண்ணினார்."

"பொண்டாட்டி விரல்ல கீறல் விழுந்தா உலகத்துக்கே பிளாஸ்திரி கண்டுபிடிச்சிருக்கார் ஒரு மனுஷர். போன வாரம் எனக்குக் கையில எண்ணெய் தெறிச்சுதே, நீங்க என்னங்க பண்ணினீங்க?"

டூத் பேஸ்ட் தடவினேன். அதுவும் தப்பாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டியிருக்க வேண்டும். பொது அறிவு புகட்டுவதை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

எல்லாம் ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் அடங்கிவிட்டது. தராசில் வைத்தால் அரை கிலோ. டப்பாவில் அடங்காதவையும் உண்டு. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களுக்கு எந்த டப்பா உதவியிருக்கும்? அதற்கப்புறம்தான் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. அனுமதி உள்ள பாதை, வழி தெரிந்த ஆள், வறண்ட காலத்தில் காட்டுக்குள் போகாத புத்தி... இவை மூன்றும் பையில் வைத்து எடுத்துப் போகிற சாமான் இல்லை.

பார்மஸிஸ்ட் அம்மாவின் பார்வை உறுத்திக்கொண்டே இருந்ததால், பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தேன். பெயர், ரத்த குரூப், நோய், தினசரி மாத்திரை, ஒவ்வாமை, வீட்டு போன் நம்பர். எல்லாரும் சமத்தாக நிரப்பினார்கள். சூப்பரண்டின் சீட்டில் இப்படி இருந்தது:

நோய்: இல்லை.
மாத்திரை: இல்லை.
ஒவ்வாமை: டெஸ்பாட்ச்.

பஸ்ஸே சிரித்தது. தம்பியும் சிரித்தான்.

விடியற்காலையில் ஏற ஆரம்பித்தோம். முதல் கேஸ் அரை மணியிலேயே வந்தது. கேஷியர் மலைக்கென்று முதல் நாள்தான் புது ஷூ வாங்கியிருந்தார். குதிகால் எரிகிறது என்றதும் நிறுத்தி, சிவந்த இடத்தில் பிளாஸ்திரி போட்டேன். கொப்புளம் கிளம்புவதற்கு முன்னால் போட்டால் கிளம்பாது. எனக்கு உடனே டாக்டர் நடை வந்துவிட்டது. கம்ப்யூட்டர் பையன் கையில் குத்திய முள்ளைத் தாத்தாவின் முள்வாங்கி சொடக்குப் போடும் நேரத்தில் எடுத்துவிட்டது. ஒரு குரங்கு டப்பாவைக் குறி வைத்துப் பின்னாலேயே வந்தது. அதற்கு ஐஸ்கிரீம் பிராண்ட் தெரிந்திருக்க வேண்டும்.

கடப்பாரைப் பாறைக்குக் கீழே உட்கார்ந்தோம். கேஷியர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். சூப்பரண்டு வேண்டாம் என்றார். "நேத்து ராத்திரியிலேருந்து விரதம். சாமியைப் பார்த்துட்டுதான் சாப்பாடு."

கொஞ்ச நேரத்தில் கத்த ஆரம்பித்தார். தண்ணீர் பாட்டிலை யார் இங்கே வைத்தது? ஏன் எல்லாரும் உட்கார்ந்துவிட்டீர்கள்? எங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே. மணி பதினொன்றேகால் ஆகிவிட்டது போலிருக்கிறது என்று நான் கிசுகிசுக்க, கேஷியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. மலை ஏறினால் வியர்க்காதா? கை நடுங்கியது. கோபத்தில் நடுங்கும்தான்.

அப்புறம் எழுந்து, "ஃபைலை எங்கே வெச்சீங்க?" என்று கேட்டபடி சங்கிலி இருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கம் சரிவு.

பாய்ந்து போய்ப் பிடித்தவன் டெஸ்பாட்ச் தம்பி. உட்கார வைத்தான். நான் டப்பாவைத் திறந்தேன். காஸ் இருக்கிறது, க்ரேப் இருக்கிறது, ஊக்கு இருக்கிறது. எதை எடுப்பது? சீட்டைப் பார்த்தால் 'நோய்: இல்லை'. என் டாக்டர் நடையெல்லாம் எங்கே போயிற்றோ! வயிற்றுக்குள் ஐஸ் கட்டி இறங்கிய மாதிரி இருந்தது.

"சார், அவருக்கு சுகரு சார்" என்றான் தம்பி.

"உனக்கெப்படிடா தெரியும்?"

"தெனமும் மூணு வேளை நான்தானே சார் டீ வாங்கியாறேன்? 'சர்க்கரை போடாம வாங்கியா, யார்கிட்டயும் சொல்லாதே'ன்னுவாரு. டீ லேட்டானா இப்படித்தான் சார் கத்துவாரு. குடிச்சா சரியாயிடுவாரு. சாப்புட்டதும் ஒரு மாத்திரை போடுவாரு."

ராத்திரியும் சாப்பாடு இல்லை, காலையிலும் இல்லை. ஆனால் மாத்திரை மட்டும் வழக்கம்போல உள்ளே போயிருக்கிறது! அதோடு இரண்டு மணி நேரம் மலை ஏற்றம். சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்?

குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்தேன். மூன்று நாலு டீஸ்பூன், அதாவது 15 கிராம் அளவுக்கு, அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி, அவர் நினைவோடு விழுங்குகிறார் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தோம். (நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.) பதினைந்து நிமிஷம் காத்திருந்து இன்னொரு தரம். அந்தப் பதினைந்து நிமிஷம் மாதிரி நீளமான பதினைந்து நிமிஷத்தை நான் எந்த ஆபீஸ் மீட்டிங்கிலும் பார்த்ததில்லை.

மெல்ல நடுக்கம் நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தார். தம்பியின் தோளில் தன் தலை சாய்ந்திருப்பதைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லே சார். டீ லேட்டாயிடுச்சு" என்றான் தம்பி.

மூன்று இட்லி சாப்பிட்டார். உடனே, "எனக்கு ஒண்ணுமில்லே, மேலே போகலாம்" என்று எழுந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொன்னான்: "வேணாம் சார். மாத்திரை உள்ள இருக்கற வரைக்கும் மறுபடி வரும். எங்க அப்பாவுக்கும் சுகருதான். இறங்கிடலாம்."

டெஸ்பாட்ச் சொல்லி சூப்பரண்டு கேட்ட முதல் உத்தரவு அது. இரண்டு பக்கமும் நாங்கள் பிடித்துக்கொள்ள, நிதானமாக இறங்கினோம். போளூரில் டாக்டரிடம் காட்டினோம். மற்ற மூன்று பேரும் மல்லிகார்ஜுனரைப் பார்த்துவிட்டு விபூதியோடு வந்தார்கள். நான் இன்னும் பார்க்கவில்லை. வருத்தமில்லை, அவர் என்னைப் பார்த்திருப்பார்.

டப்பா இப்போதும் என் பீரோ மேல் இருக்கிறது. உள்ளே முதலில் கைக்கு அகப்படுவது காஸும் இல்லை, கத்தரியும் இல்லை. சீட்டுக் கட்டுதான். வீட்டில் டப்பா கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாமானை எல்லாம் ஒரு சாயங்காலத்தில் வாங்கிவிடலாம். கூட வருகிறவனுக்கு என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் நாளாகும். தினம் மூன்று வேளை டீ வாங்கிக் கொடுத்தவனுக்குத் தெரிந்தது, பக்கத்து நாற்காலியில் பல வருஷமாக உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பதினொன்றேகாலுக்கு சூப்பரண்டு என்னைக் கூப்பிட்டார். ரெடியாகத்தான் போனேன். ஒன்றும் கத்தவில்லை. "அந்தச் சீட்டைக் கொடுங்க, ஒரு திருத்தம்" என்றார்.

திரும்பி வந்தபோது, நோய் என்ற இடத்தில் 'சர்க்கரை' என்றும், மாத்திரையின் பெயரும் அளவும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஒவ்வாமைக்கு நேரே இருந்த 'டெஸ்பாட்ச்'-ஐ அடித்து, ஆபீஸ் வழக்கப்படி பக்கத்தில் இனிஷியலும் போட்டிருந்தார்.